எலிக்கூண்டு, தீப்பெட்டி ஆபீஸ், மறதி நோய்

காமர்ஸ் படிக்கிற உனக்கு மூளையைப் பற்றி எழுத என்ன அவசியம் என்று வகுப்பில் யாராவது நிச்சயம் கேட்பார்கள். கேட்கட்டும். என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்ததே ஒரு காமர்ஸ் வார்த்தைதான். ரிசர்வ். லாபம் வருகிற வருஷத்தில் எல்லாவற்றையும் பங்கு பிரித்துவிடாமல் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்போமே, நஷ்டம் வருகிற வருஷத்தில் கம்பெனி தள்ளாடாமல் நிற்க... அதே ரிசர்வ். மூளைக்கும் அப்படி ஒன்று உண்டு என்கிறார்கள் மருத்துவர்கள். 'காக்னிட்டிவ் ரிசர்வ்' என்று பெயர். நம் வசதிக்கு 'மூளைச் சேமிப்பு' என்று வைத்துக்கொள்வோம்.

இந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடம், விளையாட்டு, பேச்சுத்துணை, புதிதாகக் கற்றுக்கொள்ள வைக்கும் வேலை... சுருக்கமாகச் சொன்னால் நாம் வாழும் சூழலில் இருந்து. இதைக் கண்டுபிடித்த வரலாற்றைப் படிக்கப் படிக்க, அதில் வரும் வருஷங்கள் எனக்கு இன்னொரு வரலாற்றை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தன. சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களின் வரலாறு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: எங்கள் பக்கம் தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்றுதான் சொல்வார்கள். தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ். ஏ.சி. ரூம், கம்ப்யூட்டர் என்றெல்லாம் நினைத்துவிடாதீர்கள் :-)

முதலில் நோயைப் பார்ப்போம்

1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்பர்ட் நகர மனநல மருத்துவமனைக்கு அவுகுஸ்தே டீட்டர் என்ற பெண்மணி கொண்டுவரப்பட்டார். வயது 51. ஞாபகம் தப்பிக்கொண்டே இருந்தது. தன் பெயரை எழுதச் சொன்னால்கூட முடிக்க முடியவில்லை. அவரைப் பரிசோதித்த மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர். 1906-ல் அந்த அம்மா இறந்த பிறகு அவருடைய மூளையை அல்சைமர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நரம்பு செல்களுக்கு வெளியே ஏதோ படிந்து கிடந்தது. செல்களுக்கு உள்ளே நூல் சிக்கல் மாதிரி முடிச்சுகள் இருந்தன. அந்த வருஷம் நவம்பரில் டியூபிங்கன் நகரில் நடந்த மருத்துவர் கூட்டத்தில் அதைச் சொன்னார். 1910-ல் கிரேப்லின் என்ற பேராசிரியர் தன் பாடப்புத்தகத்தில் அதை 'அல்சைமர் நோய்' என்று எழுத, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

டிமென்ஷியா என்பது பொதுப்பெயர். ஞாபகம், யோசனை, பேச்சு, அன்றாட வேலை எல்லாம் படிப்படியாகக் கெட்டுப்போகும் நிலை. அதற்குக் காரணமாகும் நோய்களில் அல்சைமர்தான் அதிகம். வெளியே படிவது அமிலாய்டு என்ற புரதம், உள்ளே முடிச்சு போடுவது டாவ் என்ற புரதம் என்பதெல்லாம் பிற்பாடு, 1980களில் தெரியவந்த விஷயங்கள்.

ரொம்ப நாளைக்கு எல்லோரும் போட்ட கணக்கு சுலபமானது. படிவு அதிகமானால் மறதி அதிகம், படிவு குறைந்தால் மறதி குறைவு. இந்தக் கணக்கு பின்னால் தடுமாறியது. அதற்கு முன் எலிகளைப் பார்த்துவிடலாம்.

வீட்டுக்குப் போன எலிகள்

கனடாவில் டொனால்ட் ஹெப் என்று ஒரு உளவியல் பேராசிரியர். ஆய்வுக்கூடத்து எலிகள் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், தன் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுத்தார். வீட்டில் ஓடியாடி வளர்ந்த அந்த எலிகள், கூண்டிலேயே வளர்ந்த எலிகளைவிடப் புதிர்ப்பாதைகளில் வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரத்தனம் காட்டின. இதை 1947-ல் அவர் வெளியிட்டார்.

அதற்குப் பிறகு அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்க் ரோசன்ஸ்வைக், டேவிட் கிரெச், எட்வர்ட் பென்னெட், மேரியன் டயமண்ட் என்ற நால்வர் இதையே முறையாகச் செய்தார்கள். ஒரே ஈற்றில் பிறந்த எலிகளைப் பிரித்தார்கள். சில எலிகளுக்குப் பெரிய கூண்டு. கூட விளையாட மற்ற எலிகள், ஏணி, சக்கரம், அடிக்கடி மாற்றப்படும் பொம்மைகள். வேறு சில எலிகளுக்குச் சின்னக் கூண்டு. தனிமை. தீனியும் தண்ணீரும் இரண்டு பக்கமும் ஒன்றுதான். பிறகு மூளையை அளந்தார்கள். 1964-ல் டயமண்ட் குழுவினர் வெளியிட்ட கட்டுரை, வளமான கூண்டில் வளர்ந்த எலிகளின் கார்டெக்ஸ், அதாவது மூளையின் மேற்பட்டை, தடித்திருக்கிறது என்று காட்டியது. வித்தியாசம் சில சதவீதம்தான். ஆனால் வளர்ந்து முடிந்த மூளை மாறவே மாறாது என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சில சதவீதமே பெரிய அதிர்ச்சி.

டயமண்ட் அதோடு விடவில்லை. வயதான எலிகளையும் வளமான கூண்டில் விட்டுப் பார்த்தார். அவற்றின் மேற்பட்டையும் தடித்தது. 1997-ல் கெம்பர்மன், கூன், கேஜ் மூவரும் இன்னொன்று காட்டினார்கள். வளமான சூழலில் வாழும் வளர்ந்த சுண்டெலிகளின் ஹிப்போகேம்பஸில் புது நரம்பு செல்கள் கூடுதலாகத் தங்குகின்றன. ஞாபகத்தைப் பதியவைக்கும் பகுதி அது. அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்றும் அதுதான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 'வளமான கூண்டு' என்று சொன்னாலும் அது வயல்காட்டில் திரியும் எலியின் வாழ்க்கைக்குப் பக்கத்தில்கூட வராது. அப்படியென்றால் இந்த ஆய்வை இரண்டு விதமாகவும் படிக்கலாம். வளம் கொடுத்தால் மூளை தடிக்கிறது என்று படிக்கலாம். இயல்பாகக் கிடைக்க வேண்டியதைப் பறித்தால் மூளை மெலிகிறது என்றும் படிக்கலாம். எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாகப் படுகிறது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கணக்கு தடுமாறிய இடம்

1988-ல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் காட்ஸ்மன் குழுவினர், முதியோர் இல்லத்தில் இருந்து இறந்த 137 பேரின் மூளைகளைப் பரிசோதித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் பத்துப் பேர் வித்தியாசமானவர்கள். மூளையில் அல்சைமர் படிவுகள் தாராளமாக இருந்தன. ஆனால் உயிரோடு இருந்தபோது அவர்கள் தெளிவாகவே இருந்தார்கள். அவர்களுடைய மூளையின் எடை மற்றவர்களைவிட அதிகம். பெரிய நரம்பு செல்களின் எண்ணிக்கையும் அதிகம். நோய் வந்திருக்கிறது, ஆனால் சேமிப்பு இருந்ததால் தாங்கியிருக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

1990-ல் சீனாவின் ஷாங்காய் நகரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களிடம் நடத்திய ஆய்வு வெளிவந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடம் டிமென்ஷியா அதிகமாக இருந்தது. 1994-ல் நியூயார்க்கில் யாக்கோவ் ஸ்டெர்ன் இன்னும் ஒரு படி மேலே போனார். குறைந்த படிப்பு மட்டும் இல்லை, வாழ்நாளில் செய்த வேலை எப்படிப்பட்டது என்பதும் கணக்கில் வருகிறது என்று காட்டினார். 'காக்னிட்டிவ் ரிசர்வ்' என்ற கருத்தை முழுக் கோட்பாடாக வளர்த்தவர் அவர்தான்.

இதில் எனக்கு மறக்க முடியாதது கன்னியாஸ்திரிகள் ஆய்வு. டேவிட் ஸ்னோடன் 1986-ல் தொடங்கினார். ஒரே சபையைச் சேர்ந்த 678 கன்னியாஸ்திரிகள் பங்கெடுத்தார்கள். ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே மாதிரி வாழ்க்கை. ஒப்பிட இதைவிட வசதியான கூட்டம் கிடைக்காது. சபையில் சேர்ந்தபோது சராசரியாக 22 வயதில் அவர்கள் எழுதிய தன்வரலாறு பத்திரமாக இருந்தது. அந்த எழுத்தில் ஒரு வாக்கியத்துக்குள் எத்தனை கருத்துகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணினார்கள். கருத்து அடர்த்தி குறைவாக எழுதியவர்களுக்கு, சுமார் அறுபது வருஷம் கழித்து, ஞாபகப் பரிசோதனைகளில் மார்க் குறைந்தது. 1996-ல் இது வெளியானது. அதே ஆய்வில் இருந்த சிஸ்டர் மேரி என்பவர் 101 வயது வரை தெளிவாக இருந்தார். இறந்த பின் பார்த்தால் அவர் மூளையில் படிவுகள் ஏராளம்!

சரி, நேரடியாகவே சோதித்துப் பார்க்கலாமே? பார்த்தார்கள். அல்சைமர் படிவுகள் உண்டாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளை வளமான கூண்டில் விட்டார்கள். 2005-ல் சிகாகோவில் ஓர்லி லசரோவும் சங்ராம் சிசோடியாவும் சொன்னார்கள்: படிவு குறைகிறது, அமிலாய்டை உடைக்கும் நெப்ரிலைசின் என்ற நொதி சுறுசுறுப்பாகிறது. ஆனால் 2003-ல் ஜோவன்னா ஜான்கோவ்ஸ்கி குழுவினர் நேர்மாறாகச் சொல்லியிருந்தார்கள்: படிவு கூடுகிறது. யாரை நம்புவது? 2005-ல் ஜான்கோவ்ஸ்கி குழுவினரே வெளியிட்ட அடுத்த கட்டுரையில் சுவாரசியமான விஷயம் இருந்தது. வளமான கூண்டில் இருந்த நோய் எலிகள் கற்றுக்கொள்வதிலும் ஞாபகத்திலும் முன்னேறின, படிவு குறையாமலேயே.

ஆக, சூழல் நோயை அழிக்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நோயைத் தாங்கும் சக்தியைக் கூட்டுகிறது என்று சொல்லலாம். நஷ்டம் வராமல் தடுப்பது ரிசர்வின் வேலை இல்லை. நஷ்டம் வந்த பிறகும் கதவைச் சாத்தாமல் இருப்பதுதான் அதன் வேலை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காமர்ஸ் பிள்ளைகளுக்கு நன்றாகவே புரியும்.

அதே வருஷங்களில் நம் ஊரில்

இப்போது கரிசல் மண்ணுக்கு வருவோம்.

1922-ல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அடுத்த வருஷமே தொழில் தொடங்கியது. மழை குறைவு, விவசாயம் நிச்சயமில்லை, காற்றில் ஈரம் இல்லை. விவசாயிக்குச் சாபமான அதே வறட்சி தீக்குச்சிக்கு வரம். தீப்பெட்டி, பிறகு பட்டாசு, அச்சு என்று மூன்றும் வளர்ந்தன. நேரு இந்த ஊரைக் 'குட்டி ஜப்பான்' என்று சொன்னதாக இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டியதுதான். அரசு உதவியை நம்பி நிற்காமல் ஒரு வறண்ட பூமியை இந்தியா முழுக்கத் தெரிய வைத்தார்கள்.

அதே மாவட்டத்தில் விருதுநகரில் 1903-ல் பிறந்தவர் காமராஜர். சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்தியவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் திறந்தார். 1956-ல் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். பசித்த பிள்ளை எப்படிப் படிக்கும் என்பது அவர் கேள்வி. பெர்க்லிக்காரர்கள் எலி மூளையை அளந்துகொண்டிருந்த அதே காலத்தில், எந்த அளவுகோலும் இல்லாமல் இவர் பிள்ளைகளின் சூழலை மாற்றிக்கொண்டிருந்தார்.

ஆனால் அவருடைய சொந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போட்டியாக இன்னொன்று நின்றது. தீப்பெட்டி ஆபீஸ் பஸ். 1970களிலும் 80களிலும் விடியும் முன்னே கிராமம் கிராமமாக வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். பெரும்பாலும் பெண் பிள்ளைகள். குச்சிகளைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது, பெட்டியில் குச்சி அடைப்பது. எண்ணிக்கைக்குத்தான் கூலி. அண்ணனோ தம்பியோ படிக்க, இவள் வேலைக்குப் போன வீடுகள் ஏராளம்.

1983 ஜூலையில் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் ஸ்மிது கோத்தாரி இதைப் பற்றி எழுதிய கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. அந்தக் காலத்து அறிக்கைகளில் சுமார் 45,000 பிள்ளைகள் என்ற எண் திரும்பத் திரும்ப வருகிறது. 1990-ல் சலம் பென்னுர்கர் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் எடுத்தார். 1991-ல் மைரன் வெய்னர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்தியாவில் ஏன் கட்டாயக் கல்வி வரவில்லை என்று ஒரு புத்தகமே எழுதினார். அதிலும் சிவகாசி உண்டு.

அரசும் சும்மா இருக்கவில்லை. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தார். 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1988-ல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் முதலில் சேர்ந்த இடங்களில் சிவகாசியும் ஒன்று. எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2010-ல் கல்வி உரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. தீப்பெட்டி செய்ய எந்திரமும் வந்தது. இன்று பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறார்கள். என் தலைமுறைக்கு அந்த பஸ் ஒரு கதை மட்டுமே.

கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். 1973-ல் பத்து வயதில் அந்த பஸ் ஏறிய பெண் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். 1983-ல் ஏறியவர் ஐம்பதைத் தாண்டிவிட்டார். டிமென்ஷியாவுக்கான வயது எதுவோ, அந்த வாசலுக்கு அந்தத் தலைமுறை இப்போதுதான் வந்துகொண்டிருக்கிறது.

இந்தியாவில் என்ன சொல்கிறார்கள்?

எலியிலும் அமெரிக்கக் கன்னியாஸ்திரியிலும் பார்த்ததை நம் பாட்டிகள் மேல் அப்படியே ஒட்டிவிட முடியாது. அதனால் இந்திய ஆய்வுகளைப் பார்க்க வேண்டும்.

1998-ல் ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் நடந்த இந்திய - அமெரிக்கக் கூட்டு ஆய்வு வெளிவந்தது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், முக்கால்வாசிப் பேர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். எழுத்து தேவைப்படாத மாதிரி ஞாபகப் பரிசோதனையை மாற்றி அமைத்திருந்தார்கள். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் அல்சைமர் நோய் 1.07 சதவீதம்தான். எழுத்தறிவுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. என் கட்டுரையின் வாதத்துக்கு எதிரான சான்று இது. அதனால்தான் முதலில் சொல்கிறேன்.

அதே 1998-ல் கொச்சியில் '10/66' என்ற ஆய்வுக்குழு உருவானது. டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் வளரும் நாடுகளில், ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே இல்லை என்பதுதான் பெயரின் அர்த்தம். சென்னையிலும் வேலூரிலும் அந்தக் குழு ஆய்வு நடத்தியது.

2013-ல் ஐதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 டிமென்ஷியா நோயாளிகளின் விவரங்களைப் பார்த்தார்கள். இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரியாக 4.5 வருஷம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பள்ளிக்கூடமே போகாதவர்களிடமும் இந்த வித்தியாசம் இருந்தது! எல்லா நாட்டு ஆய்வுகளும் இதை ஒத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் இந்த ஆய்வு எனக்குப் பிடிக்கும். எங்கள் மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசும் குடும்பங்கள் நிறைய. மூளைச் சேமிப்பு என்பது ஸ்கூல் சர்டிபிகேட் மட்டும் இல்லை என்று சொல்கிற ஆய்வு இது.

கடைசியாக 2023-ல் நாடு தழுவிய லாசி-டாட் ஆய்வின் முடிவு வந்தது. 60 வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கலாம் என்பது மதிப்பீடு. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களிடம் அதிகம். பெண், கிராமம், படிப்பு இல்லை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் அந்த பஸ் ஏறிய சிறுமிகள் நிற்கிறார்கள்.

சில ஆட்சேபங்கள்

படித்தவர்கள் கேட்கக்கூடியதை நானே கேட்டுவிடுகிறேன்.

ஒன்று: பிள்ளைகளை எலியோடு ஒப்பிடலாமா? கூடாது. தீப்பெட்டி ஆபீஸ் தனிமைக் கூண்டு இல்லை. அங்கே பாட்டு உண்டு, கேலி உண்டு, சிநேகிதிகள் உண்டு. விரல் வேகத்தைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அந்தப் பெண்கள்தான் பிற்பாடு குடும்பக் கணக்கு, சீட்டுக் கணக்கு எல்லாம் மனதிலேயே போட்டவர்கள். அவர்கள் மூளை மட்டம் என்று யாராவது இந்தக் கட்டுரையைப் படித்துச் சொன்னால் அது அநியாயம். நான் சொல்வது, அவர்களுக்கு வரவேண்டிய ஒரு டெபாசிட் கட்டப்படவே இல்லை என்பதுதான்.

இரண்டு: படிப்பு இல்லாதது காரணமா, வறுமை காரணமா? பிரிக்கவே கஷ்டம். படிக்காதவர்களுக்குச் சத்தான சாப்பாடும் குறைவு, ரத்தக்கொதிப்பைக் கவனிப்பதும் குறைவு. பல்லப்கர் முடிவும் லாசி முடிவும் முரண்படுவதற்கு ஒரு காரணம் இப்படி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: நோய் காட்டும் வயது வரை உயிரோடு இருந்தால்தானே நோய் கணக்கில் வரும்? ஆயுள் கூடக் கூடத்தான் பழைய பாக்கிகள் வெளியே வரும்.

மூன்று: படித்தவர்களுக்கு வராதா? வரும். சேமிப்பு என்பது காப்புறுதிப் பத்திரம் இல்லை. தனி ஒருவரைப் பார்த்து 'உனக்கு வரும், உனக்கு வராது' என்று சொல்ல எந்த ஆய்வாலும் முடியாது. இவை எல்லாமே கூட்டத்துக்கான கணக்கு.

கணக்கு இன்னும் முடியவில்லை

இதோடு நிறுத்தினால் வெறும் புலம்பலாகிவிடும். டயமண்டின் வயதான எலிகளை மறந்துவிடாதீர்கள். தாமதமாகக் கட்டும் டெபாசிட்டுக்கும் மதிப்பு உண்டு.

பின்லாந்தில் 60 முதல் 77 வயது வரை உள்ள 1260 பேரிடம் இரண்டு வருஷம் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு நல்ல சாப்பாடு, உடற்பயிற்சி, மூளைப் பயிற்சி, ரத்தக்கொதிப்பு முதலியவற்றைக் கண்காணிப்பது என எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பொதுவான ஆலோசனை மட்டும். முதல் குழுவின் மூளைத்திறன் கூடுதலாக முன்னேறியது. 2015-ல் லான்செட் இதழில் வந்தது.

2024-ல் அதே லான்செட்டின் நிபுணர் குழு 14 காரணங்களைப் பட்டியல் போட்டது. அத்தனையையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் டிமென்ஷியாவில் சுமார் 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணிப்பு. சிறுவயதுப் படிப்பின்மை 5 சதவீதம். அது போனது போனதுதான். ஆனால் மீதியைப் பாருங்கள். காது கேளாமை 7 சதவீதம். தனிமை 5 சதவீதம். சரிசெய்யாத பார்வைக் குறை 2 சதவீதம். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை எல்லாம் பட்டியலில் உண்டு. அறுபது வயதிலும் கைவைக்கக்கூடியவை இவை.

கண்ணை எடுத்துக்கொள்வோம். சியாட்டிலில் மூவாயிரம் முதியவர்களைத் தொடர்ந்து கவனித்து வந்த ஆய்வு ஒன்று, கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம் டிமென்ஷியா குறைவாக இருந்ததாக 2022-ல் சொன்னது. பார்வை போனால் சூழலே சுருங்கிவிடுகிறது, பெர்க்லியின் சின்னக் கூண்டு மாதிரி. எங்களுக்குப் பக்கத்திலேயே மதுரையில் 1976-ல் டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. கிராமங்களில் முகாம் போட்டு ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகும் வழக்கத்தை வளர்த்த இடம் அது. வீடு தேடி வந்து பி.பி., சுகர் மாத்திரை கொடுக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2021-ல் தொடங்கியது. 1990களில் அறிவொளி இயக்கத்தில், வேலை முடிந்த இரவுகளில், முப்பது நாற்பது வயதுப் பெண்கள் தெருவிளக்கடியில் எழுத்துக் கூட்டினார்கள். வழி தெரியாமல் இல்லை. இவற்றை எல்லாம் மறதி நோயோடு சேர்த்து யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் நாம் செய்யக்கூடியதும் இருக்கிறது. 'வயசாயிருச்சு, ஒரு ஓரமா உக்காருங்க' என்று அம்மாச்சியிடம் சொல்வதை மரியாதை என்று நினைக்கிறோம். மரியாதைதான், ஆனால் அதுவும் ஒரு சின்னக் கூண்டுதான். கடைக்குப் போகட்டும். கணக்குப் பார்க்கட்டும். இருக்கன்குடிக்கு நாலு பேரோடு போய்வரட்டும். போனில் பேத்தியோடு சண்டை போடட்டும். பெயர், வழி, வேலை அடிக்கடி மறந்துபோனால் 'வயசுதானே' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

முடிக்கும் முன் மறுபடி காமர்ஸ். பேலன்ஸ் ஷீட்டின் அடிக்குறிப்பில் 'கண்டிஞ்சன்ட் லயபிலிட்டி' என்று ஒன்று வரும். இன்று கட்ட வேண்டியதில்லை, ஆனால் ஒருநாள் கட்ட வேண்டி வரலாம் என்கிற பொறுப்பு. ஒரு தீப்பெட்டி 2007 முதல் ஒரு ரூபாய்க்கும், 2021 டிசம்பர் முதல் இரண்டு ரூபாய்க்கும் விற்றது. அதற்கு முந்தைய காலத்தில் இன்னும் குறைவான காசுக்கு இந்தியா முழுக்க அடுப்புப் பற்றவைத்ததே, அந்த விலையில் ஒரு சிறுமியின் பள்ளிக்கூட வருஷங்கள் சேர்க்கப்படவே இல்லை. எந்தக் கம்பெனியின் அடிக்குறிப்பிலும் அது வரவில்லை. அந்தப் பாக்கி இப்போது அந்தந்த வீட்டு மகள்கள், மருமகள்கள் தலையில் விழப் போகிறது, பார்த்துக்கொள்ளும் வேலையாக. தீப்பெட்டியை மலிவாக வாங்கியது எல்லோரும்தான் என்பதால், கட்டுவதிலும் எல்லோருக்கும் பங்கு இருக்க வேண்டும் என்பது என் கருத்து. உங்கள் கருத்து வேறாக இருந்தால் சொல்லுங்கள், பேசுவோம்.